அத்தையோடு ஏற்காடு: வாங்கிக்கொள்ளக் கற்பது

வெள்ளி, சேலம்

நாகர்கோவில்–பெங்களூரு ரயிலில் வந்தால், நல்ல தூக்கம் பிடிக்கிற நேரத்தில் சேலம் வந்துவிடும். திருநெல்வேலியில் ஏறும்போதே அத்தை சொல்லிவிட்டார், "ஏட்டி, நீ தூங்கு, நான் முழிச்சிருக்கேன்" என்று. சொன்னபடியே விழித்திருந்து நாமக்கல் தாண்டியதும் என்னை எழுப்பிவிட்டார். காலமெல்லாம் நைட் டியூட்டி பார்த்த உடம்பு அது.

அத்தை என் அப்பாவின் அக்கா. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு முழுவதும் திரும்பிவிட்டது, கால் ஓரளவுக்குத் திரும்பிவிட்டது, வலது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. அவரோடு நர்ஸிங் படித்த தோழி ஒருவர் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறார். "காப்பி பூக்கிற நேரம், வாங்க அக்கா" என்று பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர். இந்த முறை அத்தை சரி என்றார், நான் துணைக்கு வந்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் தனித்தனியாக விசாரிப்பதால் தினமும் ராத்திரி இங்கே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

இன்று சேலத்திலேயே தங்கல். அத்தைக்கு ஒரு பகல் முழுக்க ஓய்வு வேண்டியிருந்தது. சூரமங்கலத்தில் அறை எடுத்தோம். வெயில் இப்போதே சுடுகிறது, மாம்பழம் அங்கங்கே தலைகாட்டத் தொடங்கிவிட்டது, மல்கோவாவுக்கு இன்னும் நாள் ஆகும் என்றார் ரூம் பையன்.

சாயங்காலம் நாலு ரோடு பக்கம் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போனோம். சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் 1930இல் உண்டானது, ஆனால் இந்த ஊரில் கிறிஸ்தவத்தின் கதை அதற்கு 300 வருஷம் முந்தியது. இயேசு சபைக் குரு ராபர்ட் டி நோபிலி 1623இல் மதுரையிலிருந்து கிளம்பி, சேந்தமங்கலம் வழியாக இங்கே வந்தார். சேந்தமங்கலத்தில் மரியாதையாக வரவேற்றவர்கள் இருந்தார்கள், சேலத்தில் தங்க இடம் கொடுக்கக்கூட ஆளில்லை. இத்தாலியில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் படித்தவர், இந்த ஊரில் யார் வீட்டுத் திண்ணையாவது கிடைக்குமா என்று பார்த்து நின்றிருக்கிறார், உடம்புக்கும் முடியாமல் போயிருக்கிறது. பிற்பாடு சேலத்து ஆட்சியாளரின் அண்ணன் திருமங்கல நாயக்கரே அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். நம் ஆட்கள் இந்தப் பின்பாதியைத்தான் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு அந்த முன்பாதிதான் மனசில் நிற்கிறது, அவருடைய படிப்பும் குலமும் எதற்கும் உதவாமல், யாராவது தந்தால்தான் உண்டு என்று இருந்த அந்த நாட்கள்.

நோபிலியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உயர்சாதி சந்நியாசியாக வாழ்ந்தவர் அவர், தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழகாமல் விலகி நின்றார். அன்றைய மதுரையில் அதற்கு அவருக்குக் காரணங்கள் இருந்தன. ஆனாலும் சபைக்குள் சாதி உட்கார்ந்துகொள்ள இடம் கிடைத்ததே, அது இன்றுவரை எழுந்து போகவில்லை. கத்தோலிக்கரை மட்டும் சொல்லவில்லை, எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சீர்திருத்த சபைகளிலும் இதே கதைதான். அடிமையின் ரூபமெடுத்துத் தம்மைத் தாமே வெறுமையாக்கினார் என்று பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம், அப்புறம் பெண் பார்க்கும்போது முதல் கேள்வி எதுவென்று எல்லோருக்கும் தெரியும். இதை வைத்துக்கொண்டு தாழ்மையைப் பற்றிப் பேசுவது எனக்குக் கசக்கிறது.

சேலத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. லண்டன் மிஷன் 1827இல் இங்கே வேலை தொடங்கியது, 1840இல் அந்த ஊழியத்துக்கு வந்தவர் லெக்லர் என்ற ஜெர்மானியர். அதற்கு முன்னால் அவர் திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸ் ஐயரோடு ஊழியம் செய்தவர். இதை அத்தையிடம் சொன்னதும், "அப்ப நமக்குச் சொந்தக்காரர்தான்" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டுவடை செட். சேலத்துக்கு வந்து இதைச் சாப்பிடாமல் போகக் கூடாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், சட்னி. இடது கையால் எடுத்துச் சாப்பிட வசதியாக இருக்கிறது என்று அத்தை இன்னொரு செட் கேட்டார்.

சனி, நாகலூர்

காலையிலேயே கார் பேசிக் கிளம்பிவிட்டோம். கோரிமேடு தாண்டி அடிவாரம், அதன் பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதியிருக்கிறார்கள், அத்தை சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். பாதி மலையில் எண்ணுவதை விட்டுவிட்டு 121ஆம் சங்கீதத்தைத் தொடங்கிவிட்டார், "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்". டிரைவர் தம்பி ரேடியோவை நிறுத்தினார். அவர் கிறிஸ்தவர் இல்லை, முடிந்ததும் "நல்லாருக்குங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே வேர்த்துக் கொட்டிய நாங்கள் மேலே வந்து சால்வை தேடினோம். ஊரைக் கடந்து நாகலூர் போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், மேலே சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி, நடுநடுவே பலா. இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், 1820 வாக்கில். மலையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற, மலையாளி என்ற பெயருள்ள பழங்குடி மக்கள் இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே இங்கே சாமை, ராகி விதைத்துக்கொண்டிருந்தவர்கள், சேர்வராயன் கோயிலும் அவர்களுடையதுதான்.

சித்தி (அத்தையின் தோழியை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) வாசலிலேயே நின்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது முடிக்க நேரமானது. அதை எழுத வேண்டாம்.

மத்தியானம் சித்தப்பா தோட்டத்தைச் சுற்றிக்காட்டினார். சின்னத் தோட்டம்தான், எல்லாம் அராபிகா. பத்து நாளுக்கு முன்னால் நல்ல மழை ஒன்று விழுந்திருக்கிறது, அதனால் செடி முழுக்கப் பூ. கிளையே தெரியவில்லை, கணுவுக்குக் கணு வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டிருக்கிறது, தோட்டத்துக்குள் போனால் மல்லிகைக் கடைக்குள் நிற்கிற மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வதங்கிவிடுமாம். நாங்கள் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது நாங்கள் போட்ட திட்டம் இல்லை, ரயில் டிக்கெட்டை எடுத்தபோது மழை எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்.

சித்தப்பா விளக்கியதைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். காப்பி மொட்டு, மாசி பங்குனியில் வெயிலில் காய்ந்து, தூங்குகிற நிலையில் கிடக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால்தான் அது விழிக்கும். எட்டிலிருந்து பத்து நாளில் பூ விரியும். மழை தூறலோடு நின்றுவிட்டால் மொட்டு பாதியில் கெட்டுப்போகும். சரி, பூத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும், அப்போதுதான் பிஞ்சு பிடிக்கும். பூ விரிந்திருக்கிற நேரத்தில் பெருமழை அடித்தாலும் மகரந்தம் வீணாகிவிடும். இதையெல்லாம் தாண்டித்தான் கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்க முடியும்.

"அப்ப நாம செய்யறதுக்கு என்ன இருக்கு சித்தப்பா?" என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? கவாத்து பண்ணணும், களை எடுக்கணும், நிழல் மரத்தைக் கழிச்சு விடணும், உரம் வைக்கணும், தண்டுத்துளைப்பான் வந்த செடியைப் பிடுங்கி எரிக்கணும். வருஷம் பூரா வேலைதான். ஆனா மழையை நான் கொண்டுவர முடியாது. எல்லா வேலையும் செஞ்சுட்டு மேல பாத்துட்டு நிக்கறதுதான்."

தண்ணீர் வசதியும் பணமும் இருக்கிற எஸ்டேட்டுகளில் ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பூ எடுத்துவிடுகிறார்களே என்றேன். ஆமாம், கையில் இருந்தால் நானும் போடுவேன் என்றார், அதில் தப்பென்ன. "அந்தக் குட்டைக்குத் தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு மறந்துடக் கூடாது, அவ்வளவுதான்."

ராத்திரி ஜெபத்துக்கு அத்தை உபாகமம் 11ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். கானானுக்குள் போகப்போகிறவர்களுக்கு மோசே சொல்வது: நீங்கள் விட்டுவந்த எகிப்தில் விதையை விதைத்துக் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற மாதிரி காலால் தண்ணீர் பாய்ச்சினீர்கள், போகப்போகிற தேசமோ மலைகளும் பள்ளத்தாக்குகளும் உள்ளது, வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கிறது. சிறுவயதிலிருந்து கேட்ட வசனம்தான். எகிப்தில் நைல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, மனுஷன் கால் வைத்து மடையைத் திறந்தால் தண்ணீர் வரும். வாக்குத்தத்த தேசம் என்றால் அதைவிட வசதியான இடமாக அல்லவா இருக்க வேண்டும்? கர்த்தர் தம் பிள்ளைகளுக்குப் பார்த்து வைத்த இடத்தில் ஆறு நம்பகமாக ஓடவில்லை. முன்மாரி, பின்மாரி இரண்டும் வந்தால்தான் சோறு. வருஷத்தின் தொடக்கம் முதல் முடிவு மட்டும் கர்த்தரின் கண்கள் அதன்மேல் இருக்கும் என்று அடுத்த வசனம் சொல்கிறது. அவர் கண் இருக்கிறது என்று நம்பித்தான் அங்கே விதைக்கவே முடியும்.

அதற்கு முன்னால் வனாந்தரத்தில் அவர்களுக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவும் இப்படித்தான். மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தது புழுத்து நாறியது. பாலும் தேனும் ஓடும் தேசத்துக்குப் போன பிறகும் அந்தப் பாடம் முடியவில்லை, வேறு விதமாகத் தொடர்ந்தது. தேவனைச் சார்ந்திருப்பது ஏழ்மையில் மட்டும் வேண்டியது, வசதி வந்தால் தேவைப்படாது என்று நாம் எப்படியோ பழகிவிட்டோம். வீடு கட்டும்போது உருகி உருகி ஜெபிக்கிறோம், கட்டி முடித்ததும் வாசலில் வசனம் எழுதி வைத்துவிட்டு ஜெபத்தைக் குறைத்துக்கொள்கிறோம்.

அத்தை இதைக் கேட்டுவிட்டு நர்ஸாகவே ஒரு வார்த்தை சொன்னார். "சார்ந்திருக்கிறேன்னு சொல்லி பிரஷர் மாத்திரையை நிறுத்தினவங்களை வார்டுல பார்த்திருக்கேன். கர்த்தரை நம்புறவ மாத்திரையையும் முழுங்கணும், பிசியோதெரபிக்கும் போகணும். உங்க சித்தப்பா களை எடுக்கலையா?"

ஞாயிறு, ஏற்காடு

இன்று குருத்தோலை ஞாயிறு. ஏற்காடு பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குப் போனோம், வெள்ளைக்காரத் துரைமார்களும் தோட்டக்காரர்களும் இருந்த 19ஆம் நூற்றாண்டுக் காலத்து ஆலயம். இந்தக் குளிரில் தென்னை எங்கே வளரும், குருத்தோலை எல்லாம் கீழேயிருந்து வந்தது என்றார்கள். எங்கள் ஊரில் பனங்குருத்து. பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு ஓசன்னா பாடி வந்தது எங்கேயும் ஒன்றுதான். அத்தை இடது கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே பவனியைப் பார்த்தார்.

வாசிக்கப்பட்ட பகுதி மாற்கு 11. கழுதைக்குட்டியை அவிழ்க்கிறீர்களே என்று யாராவது கேட்டால், "இது ஆண்டவருக்கு வேண்டும்" என்று சொல்லச் சொல்லி அனுப்புகிறார். ராஜா வருகிறார், ஏறி வர ஒரு கழுதைக்குட்டி கூட சொந்தமாக இல்லை, கேட்டு வாங்குகிறார். சகரியா அவரைத் தாழ்மையுள்ளவர் என்று முன்பே சொன்னான். அந்தத் தாழ்மை கழுதையில் ஏறினதோடு நின்றுவிடுகிறதா? பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே நான் வேதத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டேன். சமாரியா ஸ்திரீயிடம் தாகத்துக்குத் தா என்று கேட்டார். சீமோனின் படகைக் கேட்டு அதில் உட்கார்ந்து போதித்தார். ஸ்திரீகள் தங்கள் ஆஸ்திகளால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா 8 சொல்கிறது. பஸ்காவுக்கு இன்னொருவர் வீட்டு மேல்வீட்டறை. பெத்தானியாவில் தலையில் ஊற்றிய விலையுயர்ந்த தைலத்தை, வீண் செலவு என்று மற்றவர்கள் முறுமுறுத்தபோதும், அவர் வாங்கிக்கொண்டார். சிலுவை சுமக்க சிரேனே ஊரானான சீமோன். கடைசியில் கல்லறையும் அரிமத்தியா ஊர் யோசேப்பினுடையது. சர்வ வல்லவர் ஒவ்வொரு இடத்திலும் கையை நீட்டி வாங்கியிருக்கிறார்.

எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் அத்தையே "எழுது, நாலு பேருக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். மத்தியானம் நடந்தது.

அத்தைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும். ஒரு கையால் முடியாது, தண்ணீரும் சில்லென்று இருக்கிறது. சித்தி வெந்நீர் போட்டு, சீயக்காய் கரைத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். அத்தை வேண்டாம் என்றார், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஊரிலும் அவர் இதையேதான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். சபையிலிருந்து பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வந்து, வாரத்துக்கு இரண்டு நாள் முறைவைத்து வருகிறோம் அம்மா என்று சொன்னபோது காப்பி கொடுத்து, ஜெபம் பண்ணி, "ஒண்ணும் சிரமம் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்.

சித்தி விடவில்லை. அவர் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நீங்க எத்தனை பேருக்கு உடம்பு துடைச்சு விட்டிருப்பீங்க, பெட்பேன் வச்சிருப்பீங்க. அவங்களையெல்லாம் உங்களுக்குக் கீழானவங்கன்னா நினைச்சீங்க?"

"என்ன பிள்ள பேசுத, அப்படி நினைப்பனா?"

"அப்ப உங்களுக்கு ஒருத்தர் செய்யறப்ப மட்டும் நீங்க ஏன் கீழ போயிட்டதா நினைக்கறீங்க?"

அத்தை பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியிலிருந்து எழுந்து பின்பக்கம் போனார். சித்தி தலைக்குத் தேய்த்துவிடும்போது இரண்டு பேரும் ஹாஸ்டல் காலத்து வார்டன் அம்மாவைப் பற்றிப் பேசிச் சிரித்தது எனக்குத் தோட்டம் வரை கேட்டது.

தலை காய வெயிலில் உட்கார்ந்திருந்தபோது அத்தைதான் பேதுருவின் பேச்சை எடுத்தார். வருகிற வியாழன் எல்லா ஆலயங்களிலும் வாசிக்கப்போகிற யோவான் 13, கடைசி இராப்போஜனத்தில் ஆண்டவர் தம் சீஷர்களின் கால்களைக் கழுவுகிற இடம். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொல்கிறான். கேட்டால் எவ்வளவு பணிவான பேச்சு! நீர் எங்கே, நான் எங்கே. ஆண்டவர் அதைப் பணிவாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று சொல்லிவிட்டார். காலைக் காட்டு, கழுவிக்கொள், மற்றதெல்லாம் அப்புறம்.

பிறர் காலைக் கழுவச் சொல்லும் பிரசங்கங்களை நாம் ஏராளமாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அறையில் முதலில் கேட்கப்பட்டது அது இல்லையே. முதலில் உன் காலைக் கழுவ விடு என்பதுதான். கழுவப்பட்டவர்களிடம்தான், நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள் என்றார். கிருபை என்று நாம் நாளெல்லாம் சொல்கிறது வேறென்ன? நான் செய்ய முடியாததை இன்னொருவர் எனக்காகச் செய்ய, நான் வெறுங்கையோடு வாங்கிக்கொள்கிறேன். மனுஷரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கக் கூசுகிற மனசு, தேவனிடம் மட்டும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்பது எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் இதைப் பார்க்கலாம். பெரிய பெரிய அண்டாவில் சோறும் குழம்பும், ஊரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாற வசதியானவர்கள் எல்லோரும் வருவார்கள், மனப்பூர்வமாகவே செய்வார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதே ஆட்கள் பந்தியில், வேலைக்கு வருகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் விழுவதைச் சாப்பிடுவது அபூர்வம். வீட்டுக்குத் தூக்குவாளியில் போய்விடும். கொடுக்கிற இடத்தில் நின்றால் நாம் பெரியவர்களாகவே இருக்கலாம். இலை போட்டு உட்கார்ந்தால் முடியாது.

அத்தை இதோடு விடவில்லை, யோவான் 21க்குப் போய்விட்டார். அதே பேதுருவிடம் உயிர்த்தெழுந்த ஆண்டவர் சொல்கிறார், இளவயதில் நீயே அரைகட்டிக்கொண்டு இஷ்டமான இடங்களில் நடந்து திரிந்தாய், முதிர்வயதில் உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் என்று. பேதுரு எப்படி மரித்துத் தேவனை மகிமைப்படுத்துவான் என்பதைக் குறித்துத்தான் அது சொல்லப்பட்டது, அடுத்த வசனமே அதைச் சொல்கிறது. அத்தை அதை மறுக்கவில்லை. ஆனால், "எனக்குச் சேலை கட்டிவிடும்போதெல்லாம் அந்த வசனம்தான் வருது" என்றார். அதைச் சொல்லி முடித்த கையோடு ஆண்டவர் பேதுருவிடம் "என்னைப் பின்பற்றிவா" என்கிறார். நடக்க முடிந்த காலத்தில் சொன்ன அதே அழைப்பு. கை நீட்டிக்கொண்டு இன்னொருவர் கட்டிவிட நிற்பதும் பின்பற்றுவதுதான் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதியதை யாராவது தப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். தாழ்மையைப் பற்றிய போதனை நம் சபைகளில் பெரும்பாலும் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர்களை நோக்கியே போகிறது. அடி வாங்குகிற மனைவியிடம் தாழ்மையாய் இரு, கூலி கேட்கிறவனிடம் தாழ்மையாய் இரு. மரியாள் பாடின பாட்டில் கர்த்தர் பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளித் தாழ்மையானவர்களை உயர்த்துகிறார். யார் மேலேயும் ஏறி மிதிக்க இந்த வார்த்தையை எடுத்தால் அது அவருடைய காரியம் இல்லை. அவர் காலைக் கழுவ இறங்கினபோது எல்லாம் தம் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்தே இறங்கினார், யாரும் அவரைப் பிடித்து இறக்கவில்லை.

அப்புறம் மைக்கில் வருகிற "நான் ஒன்றுமில்லை, நான் புழு" என்கிற பேச்சு. அத்தைக்கு இது பிடிக்காது. நல்லாப் பாடினா நல்லாப் பாடினேன்னு ஸ்தோத்திரம் சொல்லிட்டு உட்கார வேண்டியதுதானே என்பார். தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பதும் தன்னைப் பற்றியே பேசுவதுதான். உனக்கு உண்டாயிருப்பவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது எது என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார். வாங்கினதை வாங்கினேன் என்று சொல்லிவிட்டால் போதுமே, அதை மட்டமான சரக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

திங்கள், ஏற்காடு – சேலம் ஜங்ஷன்

காலையில் ஏரிக்குப் போனோம். படகு ஏறவில்லை, அத்தைக்கு இறங்கி ஏறக் கஷ்டம். லேடீஸ் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கீழே சேலத்தைப் பார்த்தோம், புகைமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது. மிளகும் காப்பித்தூளும் வாங்கியாயிற்று. சித்தி கொடுத்த பலாப்பிஞ்சு இன்னொரு பை. பிள்ளைகளோடு வருகிறவர்கள் கிளியூர் அருவியைப் பார்க்கலாம், ஆனால் இந்த மாதத்தில் தண்ணீர் இருக்காது, மழைக்காலம் முடிந்து வாருங்கள்.

மலை இறங்கும்போது கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். "அத்தை, உங்களுக்கு நான் இருக்கேன், சித்தி இருக்காங்க. யாருமே இல்லாதவங்க என்ன செய்வாங்க? கையை நீட்டினா பிடிக்க ஆள் வேணுமே." நம் பக்கம் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் கல்ஃபிலும் அமெரிக்காவிலும் இருக்க, வயசானவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அத்தை உடனே வசனம் சொல்லவில்லை. நாலைந்து வளைவு கடந்த பிறகு, "அதுக்குத்தான சபை இருக்கு" என்றார். பிறகு, தன் வார்டில் யாருமே பார்க்க வராத நோயாளிகள் இருந்ததையும், அவர்களில் சிலருடைய ஜெபத்தைப் போல வேறு யாருடைய ஜெபத்தையும் தான் கேட்டதில்லை என்பதையும் சொன்னார். ஆனால் அதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைத்தான் யாக்கோபு திட்டுகிறார் என்றார். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொன்னால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறாரே, அந்த இடம். என் கிருபை உனக்குப் போதும் என்பதைத் தேவன் பவுலுக்குச் சொன்னார், பவுல் அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டார். படுக்கையில் கிடக்கிற இன்னொருவரிடம் போய் அதை நாம் சொல்வதானால், கையில் கஞ்சியோடு போய்ச் சொல்ல வேண்டும்.

இப்போது சேலம் ஜங்ஷன். ரயில் தாமதம் என்று அறிவிப்பு. பிளாட்பாரத்தில் உட்கார்ந்துதான் இதைத் தட்டுகிறேன். போர்ட்டர் அண்ணன் ஒருவர் அத்தையைப் படியில் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டார், அத்தையும் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வந்தார், வழியெல்லாம் அவருடைய முட்டிவலியை விசாரித்து என்ன மாத்திரை என்று வேறு கேட்டுக்கொண்டே.

சற்று முன் அத்தை போனை வாங்கி, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் அக்காவைக் கூப்பிட்டுத் தரச் சொன்னார். பேசியது இவ்வளவுதான்.

"ஏம்மா, அன்னைக்கு முறைவச்சு வாரோம்னு சொன்னீங்கள்லா? வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு பேர் வாங்க. சாயங்காலம் திருவிருந்துக்குப் போணும், குளிச்சு சேலை கட்டணும். ஆமா, ஒரு நகவெட்டியும் கொண்டாங்க, கால் நகம் வெட்ட எனக்கு எட்ட மாட்டேங்குது. ஜெபம் பண்ணுங்க, ஆனா முதல்ல நகத்தை வெட்டுங்க."

அந்த அக்கா என்ன சொன்னார்களோ, இவர் சிரித்துக்கொண்டே "சரி சரி, காப்பி நான் தாரேன், ஏற்காட்டுத் தூள் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.